பெரட்டுக் களத்து அலமாரி

ஹேமநாதன் லாரியின் பின்கதவைத் திறந்ததுமே புனிதாவுக்குப் புரிந்துவிட்டது.

உணவு அலமாரியைத் திரும்ப எடுத்துப்போக வந்திருக்கிறார்.

இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று சிரம்பானிலிருந்து கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். வைத்த இடம்தான் கோளாறு. பெரட்டுக் களம், காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். அங்கே யார் எதை எடுத்தாலும் எல்லா லயத்து வீட்டு வாசலிலிருந்தும் தெரியும்.

யார் எடுப்பார்கள்?

எடுக்காதது போகட்டும். எங்கள் வீட்டில் குறையில்லை என்று காட்ட ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். மரவள்ளிக்கிழங்கு அவித்தே நாளைத் தள்ளிக்கொண்டிருந்த கடைசி வீட்டுப் பஞ்சாலைகூட ஒரு சார்டின் டின்னைப் பெருமையாக வைத்துவிட்டுப் போனாள். அலமாரி நிரம்பி வழிந்தது.

நல்ல மானஸ்தர்கள்!

"இங்க யாருக்கும் பசி இல்ல லா, புனிதா. மம்பாவ்ல கேக்குறாங்க, கொண்டுபோறேன்," என்றார் ஹேமநாதன்.

போகக்கூடாது. எந்தெந்த வீட்டில் உலை ஏறவில்லை என்பது புனிதாவுக்குத் தெரியும். ஆனால் அலமாரிக்குப் பொறுப்பே அவள்தான். துடைத்து அடுக்குகிறவள் ஒரு பொட்டலத்தைத் தொட்டால் ஊர் திருடி என்றுதானே சொல்லும்?

சொல்லட்டும்.

அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோயிலுக்குக் கிளம்பிய கூட்டம் முழுக்கக் களத்தில் நின்றது. புனிதா கதவை அகலத் திறந்தாள். அரிசி, பருப்பு, மீகூன் சேமியா என்று ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டிப் பைக்குள் போட்டாள்.



பிறகு பஞ்சாலை வந்தாள். தான் வைத்த சார்டின் டின்னையே எடுத்தாள். சற்று யோசித்து, அரிசியும் எடுத்தாள்.

அதற்குப் பிறகு தள்ளுமுள்ளுதான். கோயில் மணி அடிப்பதற்குள் அலமாரி காலி. ஹேமநாதன் லாரிக் கதவைச் சாத்தினார். அடுத்த வாரம் இரண்டு மடங்கு கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பஞ்சாலை ஓடிவந்து புனிதாவின் தோளைத் தட்டினாள். "எங்க கூச்சத்தப் போக்க என்னமா நடிச்ச லா!"

புனிதாவும் சிரித்தாள். ஜெயித்தவள் சிரிப்பு. அவ்வளவு சந்தோஷமாக அவள் அந்தக் களத்தில் நின்றதே இல்லை.

பையோடு வீட்டுக்கு வந்து, முந்தாநாளிலிருந்து பற்றவைக்காத அடுப்பில் உலை வைத்தாள்.