இரண்டாவது கியர்

அந்த அம்மா பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற டிரைவர் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

“காலையில வண்டியை எடுத்தீங்களா தம்பி?”

“இல்லம்மா. ஞாயித்துக்கிழமை வண்டிக்கு லீவு. இது வெயில்ல நின்ன சூடு.”

அவர் அண்ணாந்து பார்த்தார். குடோன் சுவரின் நிழல் வேனை முழுசாக மூடியிருந்தது. கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். பழைய டீசல் வண்டி வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று தெரு மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி வந்தாராம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வேன் வேண்டும் என்று நேற்று போனில் சொல்லியிருந்தார். வண்டியைப் பற்றித் தனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது என்றும் சொன்னார்.

அதைக் கேட்டுத்தான் அவனுக்கு நம்பிக்கை பிறந்தது. நாலு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. இதற்குமுன் வந்த மூன்று பேரும் விவரமானவர்கள். வந்த வேகத்திலேயே போய்விட்டார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சாவியைத் திருகினால் பத்து முறை இருமிவிட்டு, புகையால் தெருவையே மறைக்கும். அதனால் இன்று அவர் வருவதற்கு அரை மணி முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரி லேப் ஊழியர்களை ஏழு வருடமாக இந்த வேனில்தான் கொண்டுபோய் விடுகிறான். இவ்வளவு பழைய வண்டி அடுத்த மாதத்திலிருந்து கூடாது என்று ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். இதை விற்றால்தான் வேறு வண்டி. வண்டி இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான், தினமும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிற ஒருத்தியின் வீட்டுக்குப் போய் நிமிர்ந்து நின்று பெண் கேட்க முடியும். அடுத்த வாரம் வருகிறேன் என்று அவளிடம் சொல்லியும் விட்டான்.

அந்த அம்மா தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் குபுகுபுவென்று புகை வந்தது. எஞ்சின் தேய்ந்துபோனதற்கு வேறு சாட்சியே வேண்டாம். இந்த வகை வேன் எல்லாவற்றிலும் இப்படித்தான் வரும் என்று அவன் வாய் கூசாமல் சொன்னான். அவர் தலையாட்டிக்கொண்டு, தாளில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றபோது, தானே ஓட்டிக் காட்டுவதாக அவன் முந்திக்கொண்டான். கடைத்தெருவைத் தாண்டியதும் பாலத்து இறக்கம் வந்தது. இரண்டாவது கியரில் இறங்கினால் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். வண்டி பிடிமானம் இல்லாமல் ஓடும். அதனால் இடது கையால் லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கைக்கு அடியில் அது துடித்தது.

“கையை அதுல இருந்து எடுக்கவே மாட்டேங்கிறீங்களே?”

“பழகிப் போச்சும்மா.”

வியர்வை காதோரமாக வழிந்தது. அவர் சாலையைப் பார்க்கவில்லை. அவன் கையையும் முகத்தையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. ஓரங்கட்டச் சொன்னார். இரண்டு டீ, ஒன்றில் சர்க்கரை வேண்டாம் என்று ஜன்னல் வழியாகவே கடைக்காரரிடம் சொன்னார். வந்ததும் சர்க்கரை போடாத டம்ளரை அவனிடம் நீட்டினார். எப்போதும் அப்படியே குடித்துப் பழகியவன் யோசிக்காமல் வாங்கிக்கொண்டான். அவன் நினைப்பெல்லாம், திரும்பிப் போகையில் அந்த மேட்டை வண்டி மூச்சுத் திணறாமல் ஏறுமா என்பதிலேயே இருந்தது.

அந்த அம்மா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். குரல் தணிந்திருந்தது.

“இதுல எழுதாத ஒண்ணைக் கேக்கறேன். பத்துப் பன்னெண்டு பிள்ளைங்க ஏறப்போற வண்டி. எங்கிட்டச் சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?”

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. கியர் நிற்காது என்று இரண்டே வார்த்தை. வேன் நிறையப் பிள்ளைகளோடு அந்த இறக்கம் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது. உடனே அடுத்த மாதம் வந்து அதை மறைத்தது. தன் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவளின் முகமும் வந்தது. அவளுக்காகத்தானே என்று மனசு சமாதானம் சொன்னது.

“ஒண்ணுமில்லம்மா. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்.”

அவர் கோபப்பட்டது போலத் தெரியவில்லை. கெட்ட செய்தியை வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று யோசிப்பவர் போல, பாதி குடித்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியை எடுத்துக்கொள்கிறீர்களா என்று பொறுக்கமுடியாமல் அவனே கேட்டான்.

அவர் கதவைத் திறந்து கீழே இறங்கினார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஜன்னல் வழியாக அவனை நேராகப் பார்த்தார்.

“உங்களுக்குப் பொய்யே சொல்ல வராதுன்னு சொன்னா தம்பி, என் பொண்ணு.”