குரங்குக் கூண்டு

குரங்குக் கூண்டு வந்ததும் சுஹைலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கணவன் ஃபிக்ரி கையைப் பிடித்து நடத்தினான்.

"ஆரம்பிச்சுட்டாளா உன் பொண்டாட்டி?" என்றாள் அவனுடைய அக்கா மஸ்னா. "மிருகப் பூங்காவுக்கு வந்து கண்ணை மூடிக்கிட்டு நடக்கிற ஒரே ஆள் இவதான்டா!"

சுஹைலாவுக்கு ஐந்து மாதம். வயிற்றில் பிள்ளையோடு மிருகத்தைப் பார்த்தால் அதன் சாயல் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். குகைக்குள் காலே வைக்கக் கூடாது. ஈப்போவில் அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

"அம்மா சொல்லி அனுப்பினாங்கக்கா..."

"குரங்கைப் பார்த்தா வாலோட பொறக்குமா? என் கிளாஸ் பசங்ககிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

மஸ்னா அறிவியல் டீச்சர். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், குழந்தை இல்லை. வயித்தெரிச்சல், வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள் சுஹைலா.

சிரித்துக்கொண்டே போன மஸ்னா குப்பைத்தொட்டியில் இடித்துக்கொண்டாள்.

"கண்ணாடி எங்கக்கா?" என்றான் ஃபிக்ரி.

"வேர்வையில வழுக்குது. நீ நடடா."

பூங்காவுக்குள்ளேயே இருந்த சுண்ணாம்புக் குகையின் வாசலில் தலைக்கவசம் கொடுத்தார்கள். இந்தக் குகைக்காகவே ரெண்டு மாசத்துக்கு முன்னால் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தவள் மஸ்னாதான். இப்போது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"முழங்கால் வலிக்குது. நீ போயிட்டு வா."

ஃபிக்ரி மட்டும் போனான். இன்னும் ஒரு மணி நேரம் இவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமே என்று சுஹைலாவுக்குப் பகீரென்றது. மஸ்னா தன் பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"என் பையில உப்புப் பிளம் இருக்கு, எடு. வாய்க்குப் புளிப்பா வேணும்."

சுஹைலா பைக்குள் கை விட்டாள். முதலில் வந்தது தடித்த மூக்குக்கண்ணாடி. அது இல்லாவிட்டால் மஸ்னாவுக்கு பஸ்ஸுக்கும் லாரிக்கும் வித்தியாசம் தெரியாது. அடுத்து வந்தது இளஞ்சிவப்பு அட்டை போட்ட கிளினிக் புத்தகம். மாசமாக இருப்பவர்களுக்குக் கொடுப்பது. சுஹைலாவின் பையிலும் ஒன்று இருக்கிறது.

"அக்கா! இது..."

"ஒன்பது வாரம்." மஸ்னா திரும்பிப் பார்க்கவில்லை. "ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே. இதுக்கு முன்னாடி மூணு தங்கலை."

"அப்போ கண்ணாடி, குகை... நீங்கதான் இதையெல்லாம் நம்ப மாட்டீங்களே!"

"மூணு தடவையும் நம்பலைடி."

அவளை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று சுஹைலாவுக்கு வெட்கமாகிவிட்டது. பிளம்மை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

ஃபிக்ரி திரும்பி வந்ததும் தூறல் பிடித்துக்கொண்டது. காரை எடுத்து வருகிறேன் என்று முன்னால் ஓடிவிட்டான்.

வழியில் குரங்குக் கூண்டு. அதை ஒட்டி நனைந்த படிகள். சுஹைலா பழக்கப்படி கண்ணை மூடினாள். பக்கத்தில் மஸ்னாவின் செருப்பு படியைத் துழாவியது. சறுக்கியது.

"ஐயோ!"

சுஹைலா கண்ணைத் திறந்தாள். ஒரு கையைத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். மறு கையால் மஸ்னாவைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினாள்.

"கூண்டுல குரங்கு இருக்காடி?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு குரங்குகள் சுஹைலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஒண்ணுகூட இல்லக்கா" என்றாள்.