மனசு இளக்கும் சீட்

"ஏம்மா, இதுல ஒரு மனுஷன் உட்காரலாமா? உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

முதியோர் இல்லத்து வராந்தாவில் நின்று நகைக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் நிர்வாகி அம்மாள் வெலவெலத்துப் போனாள்.

சக்கர நாற்காலியில் இருந்த தாத்தா நெளிந்தார். சீட் கிழிந்துபோன இடத்தில் ஏதோ ஒரு பழைய பைக் சீட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள்.

ஏதோ ஒரு சீட்டா? போர்க்காலத்தில் ராணுவத்துக்கென்றே செய்த மோட்டார் சைக்கிளின் சீட்! நகைக்கடைக்காரருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டு ஷெட்டில் அவருடைய ராணுவ வண்டி சீட் இல்லாமல் மொட்டையாக நிற்கிறது. இதற்காக அவர் ஏறி இறங்காத பழைய இரும்புக் கடை இல்லை. சும்மா போட்டோவுக்கு நிற்க வந்த இடத்தில் இப்படி ஒரு அதிர்ஷ்டம்.

ஆனால் வாய்விட்டுக் கேட்டுவிடக் கூடாது. பழைய வண்டி சேர்ப்பவர்கள் சங்கத்தில் அதுதான் முதல் பாடம். ஆசை தெரிந்துவிட்டால் குப்பைக்கும் கொம்பு முளைத்துவிடும்.

"என்ன சார் பண்றது? நன்கொடை கேட்டுப் போனா வாசலோட அனுப்பிடறாங்க. உங்க கடைக்குக்கூட வந்தேன்" என்றாள் அம்மாள்.

"பழசை விடுங்க. புது நாற்காலி என் பொறுப்பு."

சாயங்காலமே புத்தம்புது நாற்காலியோடு வந்து இறங்கினார். தாத்தாவைத் தானே கைத்தாங்கலாகப் பிடித்து உட்காரவைத்தார். தாத்தா கண் கலங்கிக் கும்பிட்டதில், நாம் நிஜமாகவே நல்லவன்தானோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"அந்தப் பழைய சீட்டைக் கழற்றிக் கொடுங்க. போற வழியில நானே குப்பையில போட்டுடறேன்."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?"

"சிரமமா? இதுவும் சேவைதாம்மா!"

சீட்டைக் கார் டிக்கியில் கைக்குழந்தை போலப் படுக்கவைத்தார். சரியான ஏமாந்த சோணகிரி என்று அம்மாளை நினைத்துச் சிரித்துக்கொண்டார். அப்புறம்தான் மூக்குக் கண்ணாடியை மறந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனார்.

உள்ளே அம்மாள் ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கட்டடம் ராணுவக் கிடங்கா இருந்தப்ப விட்டுட்டுப் போன சீட்டெல்லாம் பின்கட்டுல கிடக்குல்ல? அதுல இன்னொண்ணை எடுத்துப் பழைய நாற்காலியில கட்டுங்க. நாளைக்கு அடுத்த ரூம் பெரியவரை அதுல உட்கார வெச்சிடலாம்."

நகைக்கடைக்காரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சண்டை போடலாம். ஆனால் என்னவென்று சொல்லிப் போடுவது?

"நாளைக்கு யாரும்மா வர்றாங்க?" என்றாள் ஆயா.

"இவரோட பழைய வண்டி சங்கத்துலேயே இன்னொருத்தர். வயசானவங்களைக் காட்டினா இவங்களுக்கு மனசு இளக மாட்டேங்குது, சீட்டைக் காட்டினாத்தான் இளகுது!"