முள்வேலிக்கு அந்தப் பக்கம்

முள்வேலிக்கு இந்தப் பக்கம் முயல்களின் நாடு, அந்தப் பக்கம் முள்ளம்பன்றிகளின் நாடு. அங்கே வெறும் பாறைதான் என்றும், போனால் குத்திக் கொன்றுவிடுவார்கள் என்றும் முயல்கள் பேசிக்கொள்ளும்.

அந்தக் கோடையில் குட்டை வற்றிவிட்டது. குட்டிகள் தாகத்தில் துவள்வதைப் பார்க்கப் பொறுக்காமல், தும்பை என்ற முயல் துணிந்து வேலிக்குள் நுழைந்தாள்.

எதிரே முள்ளப்பன் என்ற முள்ளம்பன்றி நின்றிருந்தார். தும்பை வேலியோரமாகப் பின்வாங்கினாள்.

"தண்ணிக்கு வந்தியா தாயி? வா," என்றார் அவர்.

உள்ளே மூங்கில் காடும் வற்றாத சுனையும் இருந்தன. கரையெல்லாம் சிப்பிகள்.

"ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சாம்," என்றார் முள்ளப்பன்.

தும்பை ஆசை தீரக் குடித்தாள். "இவ்வளவு இருந்தும் ஏன் ஐயா வேலி போட்டீங்க?"

"நாங்களா? உங்க பாட்டன்மார் நட்டது தாயி. உங்களுக்கு ஆள் வந்தா பிடிக்காதோன்னு நாங்க ஒதுங்கியே இருந்துட்டோம்."

அன்று சாயங்காலமே முயல்கள் எல்லாம் குட்டிகளோடு சுனைக்கு வந்தன.

"பாவிங்க! இத்தனை தண்ணியையும் வேலி போட்டு மறைச்சு வச்சிருக்காங்களே!" என்று பொருமினான் தும்பையின் கணவன்.

முள்ளப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குட்டிகளுக்கு வழிவிட்டு நகர்ந்தார்.

"முதல்ல நீ குடி," என்றாள் தும்பை. "அப்புறம் சொல்றேன்."