மாதா வேடத்தில் குணலட்சுமி

"என்ரை பிள்ளையை இப்பிடி மேடையேத்த நான் விடமாட்டன், ரீச்சரம்மா."

படியில் நின்றபடியே சொன்னார் நமசிவாயம். நெற்றியில் மூன்று குறி திருநீறு, தோளில் சால்வை. பள்ளிக்கூட வாசலில் அவருடைய மாட்டுவண்டில் நின்றது. மனைவி சிவக்கொழுந்து இறங்காமல் கூடாரத்துக்குள்ளேயே இருந்தாள். மகளைக் கையோடு கூட்டிப்போகத்தான் வண்டில் கட்டி வந்திருக்கிறார்கள் என்று கத்தரீனா ஆசிரியைக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது.

விளங்கினாலும் அவர் கலங்கவில்லை. இந்தக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் படிப்பித்தவர் அவர். பிள்ளையை மறிக்க வந்த எந்தத் தகப்பனும் அவரை வென்று போனதில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டும் என்று வந்தவர்களும், பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று வந்தவர்களும் கடைசியில் புதுச் சிலேற்று வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

இன்றோடு அவருக்கு ஓய்வு. வருட முடிவு விழா, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பிரியாவிடை, அவருடைய பிரியாவிடை எல்லாம் சேர்த்து நாலு மணிக்குத் தொடங்க இருந்தது. அதில் முக்கியம், கிறிஸ்து பிறப்பைப் பற்றி அவர் பழக்கிய நத்தார் நாடகம். மணி மூன்றரை ஆகிவிட்டது. இப்போது பார்த்து இப்படி ஒரு வழக்கு.

சும்மா சொல்லக்கூடாது, பிழை அவர் பக்கத்திலும் இருந்தது. குணலட்சுமிக்கு ஒரு பாட்டு இருக்கிறது என்றுதான் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். மாதா வேடத்தில் இருந்து தொட்டிலை ஆட்டித் தாலாட்டுப் பாட வேண்டும் என்பதை விழுங்கிவிட்டார். சைவக் குடும்பம், சொன்னால் விடமாட்டார்கள், முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். வேறு வழியும் இல்லை. வகுப்பில் இருந்த கத்தோலிக்கப் பிள்ளைகள் பதினொரு பேரும் தாலாட்டுப் பாட வாய் திறந்தால் விழாவுக்கு வருகிற கோயில் சுவாமியாரே எழுந்து போய்விடுவார். குணலட்சுமியின் குரலோ கேட்டவர்களைக் கட்டிப்போடும்.

"தம்பி, முதல் உள்ளுக்கு வந்து இருங்கோ" என்று வாங்கைக் காட்டினார் ஆசிரியை.

"இருக்க நேரமில்லை, ரீச்சரம்மா. ஒரு விசயம் கதைச்சுப்போட்டு..."

"விசயம் எனக்குத் தெரியும். நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

அதன் பிறகு நமசிவாயத்துக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. இங்கே படித்த சைவப் பிள்ளைகள் எல்லாரும் திருநீற்றோடு வந்து திருநீற்றோடுதானே வீட்டுக்குப் போனார்கள் என்று கேட்டார் ஆசிரியை. ஒருத்தியையாவது மதம் மாறச் சொன்னோமா என்று கேட்டார். இல்லை என்று நமசிவாயம் தலையாட்டியதும் அதையே பிடித்துக்கொண்டு மேலே போனார். கூத்தில் ராசா வேடம் கட்டுகிறவன் விடிந்ததும் ஊராரிடம் திறை கேட்டு வருகிறானா என்று மடக்கினார்.

பிறகு தான் ஒரு மாதமாகப் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கினார். வானத்துச் சம்மனசுகளாக வருகிற பிள்ளைகளுக்குச் செட்டை செய்யக் கடதாசி தேடிப் பட்டணம் போய் அலைந்தது, கோயிலில் உள்ள தேவபாலன் சுரூபத்தை நத்தாருக்கு முன் வெளியே எடுக்கக்கூடாது என்று சுவாமியார் மறுத்ததால் தொட்டிலின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துச் சமாளித்தது, மழையில் சரிந்த பந்தலை இரண்டு தரம் திரும்பக் கட்டுவித்தது எல்லாவற்றையும் சொல்லி, இவ்வளவுக்கும் பிறகு மாதா இல்லாமல் நாடகம் போடுவதா என்று கேட்டார்.

"அதில்லை, ரீச்சரம்மா..." என்று நமசிவாயம் இரண்டு தரம் இழுத்தார். தோற்கப்போகிற தகப்பன்மார் இப்படித்தான் இழுப்பார்கள் என்பது ஆசிரியையின் அனுபவம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து நீலச் சேலையில் குணலட்சுமி எட்டிப் பார்த்தாள். சேலை அவளுக்குப் பெரிதாக இருந்தது. முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைக் கண்டதும் ஆசிரியைக்கு நெஞ்சு இளகிவிட்டது. வாதத்தை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னார்.

"தம்பி, நான் ஒளிச்சது பிழைதான், பொறுத்துக்கொள்ளுங்கோ. நாளைக்கு நான் இந்தப் பள்ளிக்கூடத்திலை இல்லை. உவள் பாடுறதைக் கேட்டுப்போட்டுத்தான் நான் இந்தப் படியாலை இறங்க வேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

நமசிவாயம் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவருக்கு இப்போதுதான் மூச்சுவிட இடம் கிடைத்தது.

"வேசத்தைப் பற்றி ஆர் ரீச்சரம்மா கதைச்சது? பிள்ளை முதல் நாளே வந்து எல்லாம் சொல்லிப்போட்டாள். ஒரு தாயின்ரை வேசந்தானே, கட்டட்டும். எங்கடை வீட்டிலை இப்ப எல்லாருக்கும் அந்தத் தாலாட்டு மனப்பாடம்."

"பின்னை என்ன குறை?" என்று கேட்டார் ஆசிரியை.

"வெறுந்தொட்டிலை ஆட்டப்படாது, ரீச்சரம்மா. பிள்ளைகுட்டி இருக்கிற வீட்டுக்கு அது கூடாது."

சொல்லிவிட்டு வண்டில் பக்கம் திரும்பிக் கைகாட்டினார். சிவக்கொழுந்து மெல்ல இறங்கி வந்தாள். அவள் தோளில் நாலு மாதக் குழந்தை ஒன்று நெற்றி நிறையத் திருநீறும் கன்னத்தில் பெரிய கறுத்த பொட்டுமாக நல்ல நித்திரையில் கிடந்தது.

"எங்கடை கடைக்குட்டி. பால் குடுத்துத்தான் கொண்டுவந்தனாங்கள், இப்போதைக்கு எழும்பான், தொட்டிலிலை கிடத்துங்கோ" என்றார் நமசிவாயம். "ஆனா அந்தப் பொட்டை மட்டும் அழிச்சுப்போடாதேங்கோ, ரீச்சரம்மா. சனத்தின்ரை கண் பொல்லாதது."