எழுத்தில் கொடுங்கள்

"முடியாதுன்னு சொல்றீங்கல்ல? அதை எழுத்துல குடுங்க."

உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே கேட்டார் அந்த அம்மா. மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் தாய். சிறுமிக்குப் பாடம் மெதுவாகத்தான் ஏறும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறார். பள்ளி நிர்வாகமோ, வெள்ளிக்கிழமைக்குள் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பார்க்கச் சொல்லிவிட்டது.

அறையின் மூலையில் கணினி முன் இருந்த எழுத்தருக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பள்ளிக்கு அவர் வந்து இரண்டாவது நாள்தான். ஆனால் பள்ளிக்கூட அலுவலக வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். பெற்றோரிடம் வாயால் ஆயிரம் சொல்லலாம், தாளில் ஒரு வரி தரக்கூடாது. பதினோரு வருடத்தில் அவர் கற்ற முதல் பாடம் அது.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எழுதிக்கப்பா. 'தங்கள் மகளுக்குச் சிறப்பு ஆசிரியர் நியமிக்க இயலாது. வெள்ளிக்கிழமைக்குள் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளவும்.' அடிச்சுக் குடு, கையெழுத்துப் போடறேன்."

எழுத்தர் எழுந்து ஓடிப்போய் அவர் காதருகே குனிந்தார். "சார், இதைக் குடுத்தா நேரா மேலிடத்துக்கு, கல்வி அதிகாரிகிட்டயே போயிடுவாங்க. விசாரணைன்னு வந்தா கையெழுத்துப் போட்ட உங்க கழுத்துலதான் கத்தி."

"தெரியும். நீ அடி."

கடிதம் தயாரானது. கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. அந்த அம்மா ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார், தேதியைச் சரிபார்த்தார். நன்றி என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது நான் குடுக்கப்போற புகார். உங்க மேலதான். ஏதாவது விட்டுப்போயிருக்கான்னு பாருங்க."

புகாருக்கு ஆளானவரிடமே கொண்டுவந்து திருத்தச் சொல்வதா? எழுத்தர் வாயைப் பிளந்தார். தலைமையாசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்தபோது பிளந்த வாய் மூடவில்லை.

"இங்க என்ன, 'தயவுகூர்ந்து'ன்னு இருக்கு? எடுத்துடுங்க. பிச்சையா கேக்கறோம்? சட்டம் குடுத்த உரிமை. எந்தப் பிரிவுன்னு நம்பர் போடுங்க. அப்புறம், அவளைக் கடைசி பெஞ்சுல தனியா உக்கார வெச்சதை ஏன் எழுதல?"

"அதுக்கும் நீங்கதானே பொறுப்பு?"

"நான்தான். அதனாலதான் சொல்றேன், சேத்துக்கோங்க. பதிவுத் தபால்ல அனுப்புங்க. ரசீது பத்திரம்."

எழுத்தருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மனிதர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறார், அதுவும் பிழை திருத்தி! இந்த அம்மா ஏதாவது பெரிய இடமோ? குனிந்து செருப்பைப் பார்த்தார். வார் தைத்த பழைய செருப்பு. சரி, பத்திரிகை நிருபரோ? நிருபர் என்றால் கையில் நோட்டும் பேனாவும் எங்கே? ஒருவேளை தலைமையாசிரியருக்குத்தான் உடம்பு சரியில்லையோ? வந்த இரண்டாவது நாளே இப்படி ஒரு இடத்தில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று அவருக்குக் கவலையாகிவிட்டது.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க, ஒரு டீச்சரைப் போட்டுட்டா என்ன?" அந்த அம்மாவின் குரல் உடைந்தது. "நேத்து ரெண்டாம் வாய்ப்பாடு முழுசா சொன்னா. நாலு மாசம் ஆச்சு. ஆனா சொல்லிட்டா. பக்கத்துல ஒருத்தர் உக்காந்தா அவளால முடியும்."

"என் கையில இல்லம்மா. நான் கேட்டா நிர்வாகம் காதுலயே போட்டுக்க மாட்டேங்குது. மேலிடத்து உத்தரவு வந்தாத்தான் அசைவாங்க. புகார் போனாத்தான் உத்தரவு வரும்."

எழுத்தருக்கே மனசு கரைந்துவிட்டது. தன் பங்குக்கு ஏதாவது நல்லது செய்யலாம் என்று புகார்த் தாளை எட்டிப் பார்த்தார்.

"அம்மா, அடியில உங்க கையெழுத்து மட்டும்தான் இருக்கு. பக்கத்துல அப்பா கையெழுத்தும் வேணும். இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. பொண்ணோட அப்பா வரலையா?"

"அவரா? வேலை போயிடுமோன்னு பயம். இந்தப் பேச்சை எடுத்தாலே வாய்க்குப் பூட்டு. ரெண்டு வருஷமா நான் ஒருத்திதான் கத்திக்கிட்டிருக்கேன்."

"சே, என்ன மனுஷன்மா அவர்! பெத்த பொண்ணுக்காக ஒரு கையெழுத்துப் போடக்கூடவா துப்பில்ல?"

தலைமையாசிரியர் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு புகார்த் தாளைத் தன் பக்கம் இழுத்து, அடியில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

எழுத்தர் பதறிப்போனார். "ஐயோ சார், தப்பான எடத்துல போட்டுட்டீங்க! அது பொண்ணோட அப்பா போடற இடம்!"

"இது தப்பில்லப்பா," என்று தாளைத் தன் மனைவியிடம் நீட்டினார் தலைமையாசிரியர். "ரெண்டு வருஷமா போடாம இருந்தேனே, அதுதான் தப்பு."