சுவர் நிற்கிற கரை

சிப்ரியான் புகையிலை டப்பாவை மேசைமேல் கவிழ்த்தார். ஏழெட்டு நீலப் பாசிமணிகள் உருண்டுபோய், கமிட்டித் தலைவி டோரீனின் தேநீர்க் கோப்பையில் முட்டி நின்றன.

"என் புல்வயல்ல வேலிக்குக் குழி தோண்டறப்ப கிடைச்சது. கோட்டை அங்கதான் இருந்துச்சு. மாதா மேல ஆணை."

அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அக்கா பிலோமினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மணிகள் செத்துப்போன அப்பாவின் பெட்டியில் அறுபது வருடமாகக் கிடந்தவை. வேலிக்குழியாவது, மண்ணாவது!

இருநூறு வருடத்துக்கு முன்னால் கனடாவின் சஸ்காச்சுவான் ஆற்றங்கரையில், இவர்களுடைய பழங்குடி முன்னோரிடம் பீவர் என்ற நீர்விலங்கின் தோலை வாங்கி, கம்பளியும் செம்புப் பாத்திரமும் பாசிமணியும் விற்ற வெள்ளைக்காரர்களின் வணிகக் கோட்டை அது. இன்று ஒரு கட்டைகூட மிச்சமில்லை. அதன் நினைவாக, செங்கல்லிலேயே ஆள் உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கி ஒரு நீளச் சுவர் எழுப்பப் போகிறார்களாம். கோட்டை நின்ற அதே இடத்தில்தான் நிற்க வேண்டுமாம். கமிட்டிக்காரர்களுக்கு வேறு வேலை ஏது?

"பழைய வரைபடத்துல எதிர்க்கரைன்னு போட்டிருக்கே பெரியவரே, அந்த பாப்லர் தோப்புல" என்றாள் டோரீன்.

"வரைஞ்சவன் குடிகாரன். பேனா எந்தக் கையில இருக்குன்னே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

டோரீன் சிரித்துவிட்டாள். "யோசிச்சுச் சொல்லுங்க. சுவரோட போகாது. வண்டி நிறுத்தணும், கக்கூஸ் கட்டணும். கோடைக்குக் கோடை யுனிவர்சிட்டி ஆளுங்க வந்து தோண்டுவாங்க."

"தோண்டட்டும். வயலைச் சும்மாவே எழுதித் தரேன். எவ்வளவு ஆழம் வேணும்னாலும் தோண்டட்டும்."

டோரீன் மணிகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள். அவள் வண்டிச் சத்தம் அடங்கும்வரைகூட அக்கா பொறுக்கவில்லை.

"டேய், அப்பாவோட மணியை வச்சுப் பொய்ச் சத்தியம் பண்றியே, வெக்கமா இல்ல? ரெண்டு குதிரைக்கும் புல்லுக்கு நான் எங்க போவேன்?"

"வித்துடலாம்."

"ஓகோ! சுவத்துல உன் மூஞ்சி வரணும், அதானே?"

சிப்ரியான் எழுந்தார். வழக்கம்போல ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு துண்டு ரொட்டியும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். அவற்றைக் கல்மேல் வைத்து, ஒரு சிட்டிகைப் புகையிலையை நீரில் விட்டு, எதிர்க்கரைத் தோப்பைப் பார்த்தபடி நின்றார். ஆற்றில் முழுகிச் செத்த மாமாவுக்கு வைக்கிறார் என்றுதான் அக்கா இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

அந்தக் கோடையில் குதிரைகள் விலைபோயின. பாதி வயல்மேல் சரளைக்கல் கொட்டினார்கள். மீதியில் சதுரம் சதுரமாகக் கயிறு கட்டித் தோண்டினார்கள். ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. "வருஷம் பூராத் தோண்டினாலும் முடியாது, அவ்வளவு பெரிய வயல்" என்று சிப்ரியான் அவர்களுக்குத் தெம்பு சொன்னார்.

சுவரும் எழும்பியது. தோல்மூட்டைப் பட்டையை நெற்றியில் மாட்டிக் குனிந்து நடக்கிறவர்கள், தொப்பி வைத்த வியாபாரி, எதிரே தோலை நீட்டுகிற ஒரு கிழவர். அக்கா சொன்னது பலித்துவிட்டது. கிழவருக்கு சிப்ரியானின் முகத்தையே வைத்துவிட்டான் சிற்பி.

திறப்பு விழாவில் ஊரே அவரைக் கலாய்த்தது. "வயலைக் கொடுத்து மூஞ்சியை வாங்கிட்டியேப்பா!"

"அவனுக்காவது மூட்டு வலிக்காது" என்றார் சிப்ரியான். விழாவில் அவ்வளவுதான் பேசினார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. மிதிபட்ட புல்லில் காகிதத் தட்டுகள் கிடந்தன. சிப்ரியான் களைத்த காலை இழுத்துக்கொண்டு தேநீரோடு ஆற்றங்கரைக்குப் போனார். அக்கா விடவில்லை, பின்னாலேயே வந்தாள்.

"இன்னைக்கும் மாமாவுக்கா? வயலைத் தொலைச்சதையும் அப்படியே அவர்கிட்டச் சொல்லிடு."

"இது மாமாவுக்கு இல்லக்கா."

"பின்னே?"

அவர் கல்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "அந்த மணியெல்லாம் அப்பா எதிர்க்கரையில பொறுக்கினது. சாகறதுக்கு முன்னால என்னை மட்டும் கூட்டிட்டுப் போய்க் காமிச்சாரு. கோட்டை இருந்தது அந்தத் தோப்புலதான்."

அக்கா சரளையையும் குழிகளையும் திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சேவா பொய் சொன்ன? எதுக்குடா?"

"கோட்டைக்குப் பின்னால, அந்தக் காலத்துப் பெரியம்மையில செத்த நம்ம சனத்துப் பிள்ளைங்க இருபத்திரண்டு பேர் படுத்திருக்காங்கக்கா."